பதினான்கு மணி நாற்பது நிமிடத்துப் போர்வை

மூக்கக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது கூட வேலை பார்த்தவர்கள். பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு துப்புரவுக் குழு விமானத்துக்குள் ஏறும். கதவுக்குள் கால் வைத்ததும் அவள் ஒரு நொடி நிற்பாள். மூக்கை ஒரு இழுப்பு இழுப்பாள். "பின்பக்கம் இடது டாய்லெட் அடைச்சிருக்கு. நடுவுல ஒரு குழந்தை வாந்தி எடுத்திருக்கு, பால் வாந்தி," என்பாள். போய்ப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வராது. குமட்டல்தான் வரும்.

பத்தொன்பது வருடம் அந்த வேலை. சேர்ந்த முதல் நாள் சீட் பாக்கெட்டுக்குள் கையை விட்டவள் ஒரு குழந்தையின் நாப்கினைப் பிடித்துவிட்டாள். சுருட்டிக்கூட வைக்கவில்லை, அப்படியே திணித்திருந்தார்கள். ஓடிப்போய்ப் படிக்கட்டின் மேல் நின்றபடியே வாந்தி எடுத்தாள். "பழகிடும், ஒரு மாசம்," என்றார்கள். ஒரு மாதம் ஆனது, ஒரு வருடம் ஆனது, பத்தொன்பது வருடமும் ஆனது. பழகவே இல்லை. மூன்று முகமூடி போட்டுப் பார்த்தாள். கற்பூரத் தைலத்தை மூக்கடியில் தடவிப் பார்த்தாள். நாற்றத்தோடு தைல வாடையும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

மூன்று மணி நேரம் பறந்து வரும் விமானத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பேப்பர் டம்ளர், மிட்டாய் உறை, செய்தித்தாள், தரையில் கொஞ்சம் துணுக்கு. ஏழெட்டு மணி நேரம் என்றால் டாய்லெட் தரையில் ஈரம் ஏறியிருக்கும். ஆனால் தினமும் காலை பத்துக்குள் ஒரு பெரிய விமானம் வருமே, பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து வழியில் எங்கும் இறங்காமல் பதினாறு மணி நேரம் பறந்து வருவது, அதற்குள் ஏறுவதற்கு முன் அவள் கண்ணை மூடித்தான் திறப்பாள். வெட்டிப் போட்ட நகம். ஜன்னல் கண்ணாடியில் எண்ணெய்த் தலை சாய்ந்த வட்டம். சீட்டுக்கு அடியில் மிதிபட்ட சாப்பாடு. கைப்பிடியில் ஒட்டிய சூயிங்கம். ஒற்றைச் சாக்ஸ், அதுவும் ஈரமாக. டாய்லெட் கதவைத் திறப்பதைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம்.

"மூணு மணி நேரம் வரைக்கும் மனுஷன் மனுஷனா இருக்கான். அதுக்கு மேல உட்கார வச்சா வேற என்னமோ ஆயிடுறான்," என்பாள் மூக்கக்கா.

"அவங்களும் பாவம்தானே அக்கா," என்பாள் நெட்டை. பன்னிரண்டு வருடமாக அவளுக்கு ஜோடியாக எதிர் வரிசையைத் துடைப்பவள். மேல் பெட்டிகளைக் குதிகால் தூக்காமலே எட்டித் துடைக்கும் உயரம்.

"பாவம்னா குப்பைத் தொட்டி கண்ணுக்குத் தெரியாதா?"

வீட்டில் அவள் புருஷனுக்கு அதே விமானம் பெரிய பெருமை. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஸ்டாப்புக்கும் எந்த ஸ்டாப்புக்கும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பஸ் போன பிறகு அந்தப் பைத்தியம் விமானத்துக்குத் தாவிவிட்டது. காரணம், அவர்களுடைய ஒரே மகள் கல்யாணமாகி அந்தத் தூர ஊருக்குத்தான் போயிருந்தாள். இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இடையில் உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் பக்கம் ஒன்றை அவர் போனில் கண்டுபிடித்து வைத்திருந்தார். மாறாத எண்ணைத் தினமும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பார்.

"பன்னெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு கிலோமீட்டர். நடுவுல ஒரு ஸ்டாப் கூடக் கிடையாது! நினைச்சுப் பாரு."

"எனக்கு நினைக்க வேண்டாம். நான் பார்த்துட்டுத்தானே வர்றேன்."

"போறதுக்குப் பதினாலு மணி நாப்பது நிமிஷம். வர்றதுக்குப் பதினாறு மணி அஞ்சு நிமிஷம். ஒரே தூரம், ஏன் தெரியுமா? மேல காத்து ஒரே பக்கமா அடிக்குது. போறப்போ முதுகுல கை வச்சுத் தள்ளும், வர்றப்போ மூஞ்சியில அறையும்."

"அதுக்குத்தான் வர்ற வண்டி இப்படி நாறுதா," என்று சொல்லிவிட்டு அவள் இரண்டாவது குளியலுக்குப் போவாள். வேலையிலிருந்து வந்ததும் ஒன்று, சமைப்பதற்கு முன் ஒன்று. இரண்டும் குளிக்காமல் வீட்டில் எதையும் தொட மாட்டாள்.

மகள் கிளம்பிய அன்று மூக்கக்கா லீவு போடவில்லை. காலையில் வந்த அதே விமானம்தான் சுத்தமாகி நண்பகலில் திரும்பப் பறக்கும். மகள் உட்காரும் வரிசையை அவளே கேட்டு வாங்கினாள். டிரேயைச் சோப்புப் போட்டுத் துடைத்தாள். பெல்ட்டின் கொக்கி இடுக்கைக்கூடக் குச்சியால் சுரண்டினாள். அப்போதெல்லாம் அதற்கு நேரம் இருந்தது. பதினான்கு பேர், எழுபது நிமிடம். ஆறு வருடம் ஆயிற்று. மகள் ஒரு தடவைகூட வரவில்லை. "பிள்ளையை வச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் எப்படிம்மா உட்கார்றது? வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் கணக்குப் பார்த்தா ஒரு நாளைக்கும் மேல ஆகுது," என்பாள். பயணிகளுடைய பதினாறு மணி நேரத்தைத் தினமும் கையால் அள்ளிக் கொட்டுகிறவளுக்கு, வா என்று வற்புறுத்த வாய் வராது.

பிறகு துப்புரவு ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தான். நாலு முழம் தள்ளி வரும்போதே சென்ட் வாசனை அடிக்கும். அவனுக்கு 'சென்ட்டு' என்று பெயர் விழுந்தது. பதினான்கு பேர் எட்டுப் பேர் ஆனார்கள். எழுபது நிமிடம் முப்பத்தைந்து ஆனது. டாய்லெட்டுக்கு நீலத் துணி, டிரேவுக்கு மஞ்சள் துணி என்று இருந்ததை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி கொடுத்தார்கள். எந்தத் துணி எங்கே போய்விட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. மூக்கக்கா மட்டும் தன் துணிகளின் மூலையில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் சலவைக்கு அனுப்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த போர்வைகளில் ஒன்றை சென்ட்டு உருவினான். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

"இதுல என்ன இருக்கு? சொல்லுங்க, கண்ணுக்கு ஏதாவது தெரியுதா?"

"கண்ணுக்குத் தெரியல சார். மூக்குக்குத் தெரியுது," என்றாள் மூக்கக்கா.

"பயணிங்க யாரும் மோந்து பார்க்கப் போறதில்ல. கறை இருந்தா மூட்டையில போடுங்க. கறை இல்லேன்னா மடிச்சுக் கவர்ல போட்டு சீல் பண்ணுங்க. சலவை வண்டி இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவைதான் வரும்."

"ஒருத்தர் பதினாறு மணி நேரம் போர்த்தித் தூங்கினதை இன்னொருத்தருக்குக் கொடுக்கறதா? காலைத் துடைச்சிருப்பாங்க சார். மூக்கைச் சிந்தியிருப்பாங்க."

"அதான் சொன்னேனே, கறை இருந்தா மூட்டையில போடுங்க."

அவள் கையிலிருந்த போர்வையைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். மறுநாளிலிருந்து பத்து நாள் அவளுக்கு டாய்லெட் மட்டும்தான். பெரிய விமானத்தில் பன்னிரண்டு டாய்லெட், தனி ஆளாக. பதினோராம் நாள் சென்ட்டு வந்து, "என்னக்கா, போர்வைப் பக்கம் வர்றீங்களா?" என்று பல்லைக் காட்டினான். ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். முழங்கால் வீங்கியிருந்தது. பயமா, சோர்வா, இரண்டும் இல்லாமல் வெறும் கோழைத்தனமா என்று அவளுக்கே தெரியவில்லை. போனாள். நெட்டை அங்கே ஏற்கனவே மடித்துக்கொண்டிருந்தாள். இவளும் முதல் போர்வையை மடித்தாள். ஸ்டோர் ரூமில் சின்னதாக ஒரு சீல் போடும் மெஷின் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது. பாலிதீன் கவரின் வாயை அதில் வைத்து அழுத்தினால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான், போர்வை புதுசு.

அன்று வீட்டில் மூன்று தடவை குளித்தாள். "என்ன, இன்னைக்கு எக்ஸ்ட்ரா டிரிப்பா?" என்றார் புருஷன். அவரிடம் சொல்லவில்லை. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. எட்டு மாதம் மடித்தாள், சீல் போட்டாள். கை தோல் உரியும் வரைக்கும் கழுவினாள். அடுத்தவர் அழுக்கைப் பார்த்து இத்தனை வருடமாகக் குமட்டிய வயிறு இப்போது தன் கையைப் பார்த்தே குமட்டியது.

அந்த எட்டாவது மாதத்தில் மகள் இரண்டாவது பிரசவத்துக்கு அம்மாவை வரச் சொல்லி டிக்கெட் அனுப்பினாள். மூக்கக்கா அதுவரை விமானத்தில் உட்கார்ந்ததே இல்லை. குனிந்ததும் மண்டியிட்டதும்தான். புருஷனுக்கு நிலைகொள்ளவில்லை. "நாப்பத்தொண்ணாவது வரிசை! வால் பக்கம். ஓரத்துல ரெண்டே சீட்டு, உனக்கு நடைபாதைப் பக்கம்," என்று அவளே தினமும் துடைக்கும் வரிசையை அவளுக்கே விளக்கினார்.

கிளம்பும் அன்று விமானம் ஏறும் வாசலில் காத்திருந்தபோது நெட்டை போனில் கூப்பிட்டாள். "அக்கா, உன் சீட்டை மூணு தடவை துடைச்சிருக்கேன், முடிச்சுப் போட்ட துணியால. ஜன்னல் பக்கத்து சீட்டையும் சேர்த்து. போர்வையை மட்டும் தொட்டுறாதே."

"தொடுவேனாடி?"

பக்கத்து சீட்டுக்கு ஒரு இளம் தாய் வந்தாள். கையில் ஏழு மாதக் குழந்தை. இரண்டு பைகளை மேலே வைக்கத் தடுமாறியவள், "அம்மா, ஒரு நிமிஷம் பிடிச்சுக்கறீங்களா?" என்று குழந்தையை மூக்கக்காவிடம் நீட்டினாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல பெண். எந்த ஊர், எத்தனையாவது பிள்ளை, பிரசவத்துக்கா போறீங்க என்றெல்லாம் விசாரித்தாள். வழியில் குழந்தை அழுதால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டாள்.

விமானம் மேலே ஏறி இரண்டு மணி நேரம் இருக்கும். குளிர் தெரிய ஆரம்பித்தது. மூக்கக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். 'சர்' என்று பாலிதீன் கிழியும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். அந்தப் பெண் போர்வையை உதறிக் குழந்தையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை போர்வையின் மூலையை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் விட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. எச்சில் வழிந்து மூலை நனைந்திருந்தது.

கீழே கிடந்த கவரைப் பார்த்தாள். சீல் கோணலாக இருந்தது. மெஷினின் வலது பக்கம் சூடு குறைவு என்பதால் அவள் கவரைச் சற்றுச் சாய்த்து அழுத்துவாள். வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

கை தானாகப் போய்ப் போர்வையைக் குழந்தை வாயிலிருந்து பிடுங்கியது. குழந்தை வீறிட்டது.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க?"

"வாயில வைக்க விடாதீங்க. அது அழுக்கு."

"அழுக்கா? இப்பதானே கவரைப் பிரிச்சேன். சீல் போட்டிருந்துச்சே."

"துவைக்கல. முன்னாடி வந்தவங்க போர்த்தினது. மடிச்சு அப்படியே சீல் போட்டது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு நூறு பொய் சொல்லியிருக்கலாம்.

"நான்தான்மா சீல் போட்டேன்," என்றாள் மூக்கக்கா.

அந்தப் பெண் போர்வையைப் பார்க்கவில்லை. மூக்கக்காவின் கைகளைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஈரத் துடைப்புத் தாள்களை எடுத்தாள். குழந்தையின் வாயைத் துடைத்தாள். அத்தோடு விடவில்லை. குழந்தையின் அக்குள், விலா, முதுகு என்று ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஏறிய புதிதில் மூக்கக்கா தூக்கிப் பிடித்திருந்த இடங்கள் எல்லாம். துடைத்து முடித்ததும் பணிப்பெண்ணைக் கூப்பிடும் பட்டனை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு பேச்சு வரிசை வரிசையாக முன்னால் போனது. ஒருவர் போர்வையை மோந்து பார்த்தார், அவ்வளவுதான், நடைபாதையில் வீசினார். அவரைப் பார்த்து இன்னொருவர். பத்து நிமிடத்தில் நடைபாதை முழுக்கப் போர்வை. ஒரு ஆள் போனை நீட்டிக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றான். "எத்தனை நாளா நடக்குது இது? சொல்லுங்க."

"எட்டு மாசமா."

"தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"தெரிஞ்சேதான் செஞ்சேன்."

தலைமைப் பணிப்பெண் வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். குரலைத் தணித்து, "ஏம்மா இப்படிப் பீதியைக் கிளப்புறீங்க? எழுந்து எங்கூட வாங்க. முன்னாடி பெரிய சீட்டு ஒண்ணு காலியா இருக்கு. காலை நீட்டிப் படுத்துக்கிட்டே வரலாம்," என்றாள்.

"அங்கேயும் போர்வை கொடுப்பீங்கள்ல?"

"கொடுப்போம்."

"அதை யார் சீல் போட்டாங்களோ. நான் இங்கேயே இருக்கேன்."

குழந்தையோடு அந்தப் பெண்தான் முன்னால் போனாள். மீதிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் பக்கத்து சீட்டில் யாரும் வந்து உட்காரவில்லை. விமானம் முழுக்கக் குளிரில் நடுங்கிக்கொண்டு எல்லோரும் அவளைச் சபித்தார்கள். சீல் போடச் சொன்னவர்களைச் சபிக்க அங்கே ஆள் இல்லை.

ஆறாவது மணி நேரத்தில் டாய்லெட்டுக்குப் போனவள் கதவைத் திறந்த வேகத்திலேயே திரும்பினாள். தரையில் தண்ணீர் இல்லை, வேறு. அடக்கிக்கொண்டாள். ஒன்பதாவது மணி நேரத்தில் முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காகிதத்தை அள்ளி, சோப்பை அழுத்தி, வாஷ்பேசின், மூடி, சுவர், தரை என்று இடுக்கு விடாமல் தேய்த்துக் கழுவினாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். வெளியே ஒரு ஆள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தவன் முகம் மலர்ந்தது. போன வேகத்தில் வந்துவிட்டான். அவன் போன பிறகு மூக்கக்கா ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். மறுபடியும் அப்படியே. இத்தனைக்கும் நல்ல கோட்டும் டையும் போட்டிருந்தான்.

மருமகன் வந்து அழைத்துப் போனான். மரியாதையான பையன், அதிர்ந்து பேச மாட்டான். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் போனைத் திருப்பிக் காட்டினான். "அத்தை, இது நீங்கதானே?"

அவள்தான். இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே வரிசையாக வாந்தி எடுக்கும் பொம்மை. 'இந்தப் பொம்பளையை ஜெயில்ல போடணும்' என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். மருமகன், "என் ஆபீஸ்ல யாருக்கும் நீங்க என் மாமியார்னு தெரியாது. தெரியவும் வேண்டாம்," என்று மெதுவாகச் சொன்னான்.

மகள் தன்னைத் திட்டுவாள் என்று மூக்கக்கா எதிர்பார்த்தாள், வாயை மூடிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று. மகள் அதைக் கேட்கவில்லை.

"எட்டு மாசமும் நீ செஞ்சியாம்மா?"

"செஞ்சேன்."

"இந்த வருஷம் நாங்களே அங்க வரலாம்னு டிக்கெட் பார்த்துக்கிட்டிருந்தோம், தெரியுமா? வந்திருந்தா போகும்போது என் பிள்ளைக்கும் அதைத்தான் கொடுத்து அனுப்பியிருப்பாங்க. நீ மடிச்சு வச்சதை."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மகளே பிள்ளைக்குத் தட்டுப் போட்டாள், நிறைமாத வயிற்றோடு குனிந்து. அம்மா எழுந்தபோது, "நீ உட்காரு," என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

புருஷன் போனில் வந்தார். அவர் குரலே சரியில்லை. "கம்பெனியில இருந்து லெட்டர் வந்திருக்கு. நிர்வாகத்துக்குத் தெரியாம சில ஊழியர்கள் தாங்களாவே இந்த மாதிரி செஞ்சாங்களாம். மூணு பேரை நிறுத்திட்டாங்க. நீ, நெட்டை, சீல் மெஷின்ல உட்கார்ற இன்னொரு பொண்ணு. விசாரணைக்கு வரணுமாம்."

"சென்ட்டு?"

"அவன்தான் லெட்டர்ல கையெழுத்தே போட்டிருக்கான்."

பேத்தி பிறந்தாள். முதல் இரண்டு வாரம் மகள் குழந்தையை அம்மாவிடம் கொடுக்கும் முன், "கை கழுவிட்டியா?" என்று கேட்டாள். வாழ்நாள் முழுக்கக் கை கழுவியவளைப் பார்த்து. மூன்றாம் வாரம் களைப்பில் கேட்க மறந்துவிட்டாள். அதன் பிறகு கேட்கவில்லை. மூக்கக்கா ஆறு வாரத்தில் ஊர் திரும்பினாள். சொந்தமாக ஒரு கனத்த துப்பட்டா, சொந்தமாக ஒரு சோப்பு. பதினாறு மணி ஐந்து நிமிடம், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

விசாரணை அறையில் விமான நிறுவனத்தின் மூன்று அதிகாரிகள், மேஜையில் மூடி போட்ட தண்ணீர் டம்ளர்கள். எதிர்ப் பக்கம் சென்ட்டு, அதே வாசனை.

"உபயோகிக்காத போர்வைகளை மட்டும் திரும்ப அடுக்கச் சொன்னேன் சார். இவங்க சோம்பேறித்தனத்துல எல்லாத்தையும் மடிச்சுட்டாங்க," என்றான்.

"அப்போ அந்த சீல் மெஷினை நாங்க வீட்டுல இருந்தா தூக்கிட்டு வந்தோம்?" என்று கேட்டாள் மூக்கக்கா.

நடுவில் இருந்தவர் குனிந்து எதையோ எழுதினார். "நீங்க செஞ்சது தப்புன்னு ஒத்துக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒத்துக்கறேன். என்னைத் தவிர வேற யாரு ஒத்துக்கறாங்க, அதையும் கேட்டு எழுதுங்க."

முடிவு வர நாலு மாதம் ஆயிற்று. அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் ரத்தானது. வேறு பெயரில் ஒரு கம்பெனி வந்தது. அதே வேன்கள், கதவில் ஸ்டிக்கர் மட்டும் புதிது. சென்ட்டுக்கு சட்டையின் நிறம் மாறியது, வேலை மாறவில்லை. நிறுத்தப்பட்ட மூன்று பேரைத் திரும்ப எடுக்கவில்லை. இதைக் கேட்ட அன்று மூக்கக்கா பாத்ரூமுக்குப் போய் உண்மையாகவே வாந்தி எடுத்தாள். எந்த நாற்றமும் இல்லாமல் அவள் வாந்தி எடுத்தது அதுதான் முதல் தடவை.

நெட்டை தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போனாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கம்பிக் கதவைத் திறக்காமலே நின்று பேசினாள். "நீ உண்மையைச் சொல்லிட்டு மகள் வீட்டுக்குப் போயிட்டே. நான் தெருவுக்கு வந்துட்டேன். போ அக்கா." அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்துக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து மூக்கக்கா போனாள். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "அந்தப் போர்வை வீடியோ நீங்கதானே?" என்றாள். ஆமாம் என்றாள். "இங்க கொதிக்கிற தண்ணியிலதான் எல்லாமே. ஒரு சுத்து குறைஞ்சாலும் எங்கிட்ட வந்து கத்தணும். கத்துவீங்களா?"

"கத்துவேன். இன்னொருத்தியும் இருக்கா. அவளையும் எடுத்துக்கங்க. நல்ல உயரம், மேல் தட்டெல்லாம் ஏணி இல்லாம எட்டுவா."

நெட்டை வந்து சேர்ந்தாள், வேலைக்கு. பேச்சுக்கு இல்லை. விரிப்பின் நாலு முனையில் இரண்டை அவள் பிடிப்பாள், இரண்டை மூக்கக்கா பிடிப்பாள், உதறுவார்கள், மடிப்பார்கள், நீராவியில் முகம் தெரியாமல் நிற்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு பெஞ்ச். மூன்று மாதம் இப்படிப் போனது.

ஒரு மதியம் நெட்டை தன் டப்பாவை எடுத்துக்கொண்டு இந்தப் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எங்களை ஒரு நிமிஷமாவது நினைச்சியா அக்கா?"

"இல்லடி. குழந்தை வாயில வச்சிருந்துச்சு. அது ஒண்ணுதான் கண்ணுல பட்டுது."

நெட்டை ஒரு வாய் எடுத்தாள். மென்றாள்.

"அதுக்கு முன்னாடி எட்டு மாசம் இருக்கே," என்றாள். "எத்தனை குழந்தைங்க வாயில வச்சிருக்கும்."

மூக்கக்கா டப்பாவை மூடினாள். நெட்டையும் மூடினாள். கை கழுவும் குழாயில் யார் முன்னால் என்று இல்லாமல் இரண்டு பேரும் ஒன்றாகவே கையை நீட்டினார்கள். உள்ளே அடுத்த வண்டி விரிப்புகள் வந்து இறங்கியிருந்தன. அறுவை அறையிலிருந்து வந்தவை, மேலேயே கறை தெரிந்தது.

"இந்த அழுக்காவது கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கு," என்றாள் நெட்டை. கையுறையை மாட்டிக்கொண்டு அவள்தான் முதல் மூட்டையை அவிழ்த்தாள்.